தம்பியைக் கரண்ட் வேலைக்கு எந்த வழியில் படிக்க விடுவது?

படுவான்கரை அக்கா

வணக்கம். இலங்கையில் மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். கேள்வி என் தம்பியைப் பற்றியது. அவனுக்கு 19 வயது. ஓ.எல்.லில் கணிதத்துக்கு எஸ், சாதாரண சித்திதான். ஏ.எல். தொடங்கி ஒரு வருடத்தில் விட்டுவிட்டான். எட்டு மாதமாக ஊரில் வயரிங் செய்கிற ஒரு அண்ணனோடு கையாளாகப் போகிறான். அந்த அண்ணன் நல்லவர், வேலை இருக்கிற நாளெல்லாம் கூலி கொடுத்துவிடுவார். தம்பிக்கும் இந்த வேலை பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் எழும்பாதவன், இப்போது ஆறு மணிக்கே குறடும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

போன மாதம் அவனுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. இரண்டு விரலில் தோல் கருகி இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, சோறு பிசையும்போது இடக்கையால் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இவன் முறையாகப் படித்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று.

டவுனில் ஒரு தனியார் நிறுவனம் மூன்று மாதத்தில் டிப்ளோமா தருவதாகவும், அதை வைத்துக் கத்தார் போகலாம் என்றும் சொல்கிறது. கேட்கிற காசுக்கு அம்மா தன் காப்பை அடகு வைக்கலாம் என்கிறா. மாமா, டெக்னிக்கலில், அதாவது அரசின் தொழில்நுட்பக் கல்லூரியில் போடு, காசில்லை என்கிறார். கூட வேலை செய்கிற அண்ணன், பயிலுநர்களை வேலைத்தளத்தில் சேர்த்துப் பழக்குகிற அரச நிறுவனமான நைட்டாவில் பதிந்தால் வேலையிலேயே படிக்கலாம் என்கிறார். இன்னொருவர், இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு நேரே சோதனைக்குப் போனால் சான்றிதழ் கிடைக்கும், படிக்கத் தேவையில்லை என்கிறார். ஆளுக்கொரு கதை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள், படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எது சரியான வழி?

நிந்தவூர் வயரிங்

தங்கச்சி, முதலில் உம்மாவின் காப்பைக் கையில் இருந்து கழற்ற விட வேண்டாம். மற்றதைப் பிறகு கதைக்கலாம்.

எனக்கு இந்த வேலையில் 17 வருடம். நான் வந்தது கடைசியாக நீங்கள் சொன்ன வழியில்தான், அதாவது பாஸ் (மேஸ்திரி) ஒருவரோடு கையாளாகப் போய், பிறகு தனியாக வேலை பிடித்து, பிறகு முன்கற்றல் அங்கீகாரம் என்கிற முறையில் சோதனைக்குப் போய் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை எடுத்தேன். அது நல்ல வழிதான். ஆனால் தம்பியின் வயதில் அது வழி இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நான் தனியாக வேலை செய்த முதல் வருடம் ஒரு வீட்டுக்கு முழு வயரிங் போட்டேன். எல்லா பல்பும் எரிந்தது, எல்லா பிளக்கிலும் கரண்ட் வந்தது, காசும் தந்தார்கள். நாலு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரர் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் பல்பு மாற்றினார், ஹோல்டரில் விரல் பட்டதும் ஏணியோடு விழுந்தார். போய்ப் பார்த்தால் சுவிட்ச் லைவில் (கரண்ட் வருகிற வயரில்) இல்லை, நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகிற வயரில்) இருக்கிறது. நான் போட்டதுதான். அப்படிப் போட்டாலும் பல்பு எரியும், அணையும், வெளியில் பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். அவர் கை முறிவோடு தப்பினார். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது. என்னைப் பழக்கியவருக்கும் தெரியாது.

பிறகு கத்தாருக்கு எலக்ட்ரீஷியன் வேலை என்று நம்பிப் போனேன். கையில் கடதாசி இல்லாததால் அங்கே ஹெல்பராகத்தான் போட்டார்கள். பக்கத்து அறையில் இருந்த, என்னை விட ஆறு வயது இளைய பொடியன் என்.வி.கியூ. 4 வைத்திருந்தான், அவன் என் மேல் ஆள். வேலை எனக்குத்தான் கூடத் தெரியும் என்று அப்போது நினைத்தேன். திரும்பி வந்து சோதனைக்குப் போனபோதுதான் விளங்கியது.

அந்தச் சோதனைக்குச் செய்த வேலைகளின் படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோவை கொண்டு போக வேண்டும். முதலில் கேள்வி கேட்பார்கள், பிறகு செய்து காட்டச் சொல்வார்கள். பைப் அடிப்பது, வயர் இழுப்பது, டிபி (மின் பகிர்வுப் பெட்டி) கட்டுவது எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மதிப்பீட்டாளர் கையில் மெகரைத் தந்து இன்சுலேஷன், அதாவது வயரின் உறையில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் அதுவரை மெகரைத் தொட்டதே இல்லை. முதல் தடவை அந்தப் பகுதி எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டாம் தடவைதான் எடுத்தேன். அதற்கு முன்னால் பழக்கி விட்டவர் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்து வந்த 22 வயதுப் பொடியன்.

ஆகவே 19 வயதில் இருக்கிறவன் நேரே போய்ப் படிக்கட்டும். நான் வந்த வழி, நேரம் போய்விட்டவர்களுக்கானது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

மகள், நான் தொழிற்பயிற்சியில் நீண்ட காலம் இருந்தவன். குழப்பம் எங்கே என்றால், நிறுவனத்தின் பெயரும் தகைமையின் பெயரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. டெக்னிக்கல், வீ.டி.ஏ. என்கிற தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா எல்லாம் போகிற பாதைகள். சேர வேண்டிய இடம் ஒன்றுதான், தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. எந்தப் பாதையால் போனாலும் மட்டம் 4 என்றால் அது ஒரே மட்டம் 4தான்.

மொத்தம் 7 மட்டம். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். மின்னியலாளருக்கு மட்டம் 3 என்றால் மேலே ஒருவர் பார்த்துக்கொள்ள வேலை செய்யக் கூடியவர் என்று பொருள், மட்டம் 4 என்றால் தன் பொறுப்பில் முழு வேலையையும் செய்யக் கூடியவர். உங்கள் தம்பிக்கு இலக்கு 4. இப்போது அந்த மூன்று மாத டிப்ளோமாவை யோசித்துப் பாருங்கள். தேசிய முறையில் டிப்ளோமா என்பது 4க்கு மேலே இருக்கிறது. மூன்று மாதத்தில் யாரும் அங்கே ஏற முடியாது. அவர்கள் தருவது அவர்களே அச்சடிக்கிற கடதாசி.

தனியார் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு விசயம் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகி இருக்கிறதா என்பது ஒன்று. அந்தக் குறிப்பிட்ட கோஸ் (பாடநெறி) தராதர அங்கீகாரம் பெற்றதா என்பது மற்றது. பதிவு இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள், கோஸுக்கு அங்கீகாரம் இருக்காது. பெற்றோர் ஏமாறுவது அந்த இடத்தில்தான். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம், அங்கே என்.வி.கியூ. சான்றிதழ் இலக்கத்தைப் போட்டு அது உண்மையா என்றும் பார்க்கலாம்.

பாதைகளைப் பற்றிச் சொல்வதென்றால், மஞ்சந்தொடுவாயில் இருக்கிற தொழில்நுட்பக் கல்லூரி உங்களுக்குக் கிட்ட. அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு சம்மாந்துறை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று இருக்கிறது. முழுநேர கோஸுக்குக் கட்டணம் இல்லை. புதிய வருடத் தொடக்கத்தில் வகுப்பு தொடங்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய மாதங்களில் கோருவார்கள், பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்கள் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்கும், ஒரு தடவை தவறினால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டிலும் சில மாதம் வகுப்பும் பட்டறையும், பிறகு வேலைத்தளப் பயிற்சி. நைட்டா 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, அங்கே தலைகீழ், பிள்ளையை ஒரு வேலைத்தளத்தில் பயிலுநராக ஒப்பந்தம் செய்து விடுவார்கள், வேலையே பள்ளிக்கூடம்.

நுழைவுத் தகுதி நிலையத்துக்கு நிலையம் மாறும். ஓ.எல். பெறுபேற்றுத் தாளைக் கொண்டு நேரில் போய்க் கேளுங்கள், போனில் கேட்டால் பாதிதான் சொல்வார்கள்.

கணிதத்துக்கு எஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தடையாக இருக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வேண்டிய கணக்கு, வோல்ட், அம்பியர், வாட்ஸ் மூன்றையும் பெருக்கிப் பிரிப்பதில் தொடங்குகிறது. தண்ணீர் கொதிக்க வைக்கிற 3000 வாட்ஸ் கேத்தல் ஒன்று 230 வோல்டில் 13 அம்பியர் இழுக்கும், அதற்கு விளக்குக்குப் போடுகிற மெல்லிய 1/1.13 வயரைக் கொடுத்தால் என்ன நடக்கும், ஏன் தடித்த 7/0.67 போடுகிறோம் என்று கையில் வயரை வைத்துக் கேட்டால், கணிதத்தில் பெயிலான பிள்ளையும் பதில் சொல்வான். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

விரல் கருகியது பற்றி. அவன் வேலை செய்த இடத்தில் ட்ரிப் சுவிட்ச் இருந்ததா என்று கேளுங்கள். 30 மில்லியம்பியர் கசிந்தாலே அது விழ வேண்டும். இல்லாத வீடா, இருந்தும் யாராவது கழற்றி விட்டதா, அல்லது லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கை போனதா? கடைசியது என்றால் ட்ரிப் சுவிட்சும் காப்பாற்றாது, ஏனென்றால் கரண்ட் எங்கும் கசியவில்லை, போனபடியே திரும்பி வருகிறது, நடுவில் இருப்பது மனிதன் என்று அதற்குத் தெரியாது. மெயினை நிறுத்தி, நிறுத்தியதைப் பூட்டி, வயரில் கரண்ட் இல்லையா என்று மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முதல் வாரத்தில் நாங்கள் சொல்லிக் கொடுப்பது இதுதான். எட்டு மாதம் கையாளாகப் போனவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படுவான்கரை அக்கா

சேர், மிக்க நன்றி. தம்பியிடம் கேட்டேன். ட்ரிப் சுவிட்ச் இருந்ததாம், விழவில்லையாம். நீங்கள் சொன்ன மாதிரி டிபிக்குள்ளே இரண்டு வயரும் ஒரே நேரத்தில் பட்டிருக்கிறது. வீட்டுக்காரர் பிரிட்ஜில் மீன் இருக்கிறது, மெயினை நிறுத்த வேண்டாம் என்றாராம். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் இருந்தான், பிறகு அந்தப் பகுதியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னான்.

நிந்தவூர் காக்கா, உங்கள் கதையைச் சொன்னதற்கு நன்றி. அப்படி வெளியில் சொல்ல மனது வேண்டும்.

எங்கள் கஷ்டம் வேறொன்று. அப்பாவுக்கு வயல் வேலை, அதுவும் போகத்துக்குப் போகம். தம்பியின் கூலிதான் இப்போது வீட்டுச் செலவுக்கு வருகிறது. ஒரு வருடம் முழுநேரம் படிக்கப் போனால் அது நிற்கும், மேலே பஸ் காசு. மண்முனைப் பாலம் வந்த பிறகு பாதை கிட்ட, முன்பு மாதிரி படகுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஆனாலும் தினமும் போய் வர வேண்டுமே. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

ஆரையம்பதி தங்கச்சி

அக்கா, நான் டெக்னிக்கலில் எலக்ட்ரிக்கல் முடித்தேன். என் வகுப்பில் பெண் பிள்ளைகள் இரண்டு பேர்தான். பஸ்ஸுக்குக் குறைந்த காசில் சீசன் டிக்கெட் எடுக்கலாம், முதல் வாரமே ஒப்பிஸில் கடிதம் கேளுங்கள், நான் இரண்டு மாதம் முழுக்காசு கொடுத்துத் திரிந்தேன், யாரும் சொல்லவில்லை. வரவு ஒழுங்காக இருந்தால் சிறு கொடுப்பனவும் கிடைக்கும், அது வீட்டுக்குப் போதாது, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் உதவும்.

சனி, ஞாயிறு தம்பி அந்த அண்ணனோடு வேலைக்குப் போகட்டும். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வார நாளில் படித்ததை வார இறுதியில் வீட்டில் போடுகிற பிள்ளைதான் கெதியாகப் பிடித்தது.

இன்னொன்று, வேலைத்தளப் பயிற்சிக்கு எங்கே போவது என்பதை கடைசி மாதம் வரை விட வேண்டாம். எங்களில் சிலருக்கு கிடைத்த இடத்தில் ஆறு மாதமும் பொருள் தூக்கியதுதான் வேலை. நான் முதலிலேயே ஒரு சோலார் போடுகிற கொம்பனியில் கேட்டு வைத்தேன். கூரை மேல் பலகையில் இருந்து வருவது டிசி, மெயினை நிறுத்தினாலும் வெயில் இருக்கும் வரை அந்த வயரில் கரண்ட் இருக்கும், அதை வகுப்பில் கேட்டதற்கும் கூரையில் நின்று பார்த்ததற்கும் எவ்வளவு வித்தியாசம். இப்போது அந்தக் கொம்பனியிலேயே வேலை. வவுணதீவுப் பக்கம் சோலார் பண்ணை வந்திருக்கிறது, வீட்டுக் கூரைகளிலும் போடுகிறார்கள், எங்கள் மாவட்டத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்.

சம்மாந்துறை மோட்டார்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வீட்டுக்குக் காசு வேண்டும் என்றால் நைட்டா வழியை ஏன் விட வேண்டும்? நான் அப்படித்தான் வந்தேன். எங்கள் பக்கத்தில் அரிசி ஆலை எத்தனை இருக்கிறது, அத்தனையிலும் மோட்டார். வீட்டு வயரிங் தெரிந்தவர் தெருவுக்கு நாலு பேர், பெரிய மோட்டாரைத் தொடங்குகிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கட்டத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். பெரிய மோட்டார் நேரே தொடங்கினால் ஓடும்போது இழுப்பதை விட ஆறு, ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும், ஸ்டாரில் தொடங்கினால் அது மூன்றில் ஒன்றாகக் குறையும். இதைப் படம் கீறிப் பாடமாக்கலாம். ஆனால் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய், மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறி, கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோட் ரிலேயைச் சரியாக வைக்காததால் வைண்டிங் எரிகிற மணம் இருக்கிறதே, அது ஆலையில் நின்றால்தான் தெரியும். அறுவடை நேரம் மோட்டார் எரிந்தால் வெளியில் நெல்லோடு லொறி வரிசையாக நிற்கும். அந்த நெருக்கடியில் பழகியது மறக்காது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன், ஒரு நிபந்தனை மட்டும். நைட்டா வழியில் பிள்ளையின் கெட்டித்தனம் பாதி, சேர்கிற இடம் பாதி. மோட்டார், கொன்ட்ரோல் பனல், சோதிக்கிற கருவி, சொல்லித் தர நேரமுள்ள ஒரு ஆள், இவ்வளவும் உள்ள ஆலையோ தொழிற்சாலையோ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். இப்போது போகிற அண்ணனோடேயே பயிலுநராகப் பதிவதென்றால் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மெயினை நிறுத்தாமல் வேலை செய்ய விட்டவர்.

ஈஸ்ட்ஹாமில் இருந்து ஒரு கல்லடிக்காரன்

லண்டன் கனவு இருந்தால் ஒன்று தெரிந்து வையுங்கள். இங்கேயும் என்.வி.கியூ. என்று இருக்கிறது, பெயர்தான் ஒன்று, மட்டங்கள் வேறு. ஊர் மட்டம் 4 பெரிது, இங்கத்தைய மட்டம் 3 சிறிது என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். இங்கே முழு எலக்ட்ரீஷியன் என்றால் மட்டம் 3 என்.வி.கியூ.வை உண்மையான வேலைத்தளத்தில் செய்து காட்டி எடுக்க வேண்டும், அதற்கு மேல் ஏ.எம்.2 என்று இரண்டு நாளுக்கும் மேல் நீளும் செய்முறைச் சோதனை, அதன் பிறகுதான் முழு எலக்ட்ரீஷியன் என்று காட்டுகிற கோல்ட் கார்ட். பயிலுநராகச் சேர்ந்தால் எல்லாம் முடிய சுமார் 4 வருடம். சில வாரத்தில் எலக்ட்ரீஷியன் ஆக்குகிறோம் என்று இங்கேயும் விளம்பரம் இருக்கிறது, நானும் ஒரு இடத்தில் காசைக் கட்டிவிட்டு, அந்தக் கடதாசியை எந்தக் கொம்பனியும் பார்க்காமல், திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன்.

ஆனால் ஊரில் சரியாகப் படித்தது வீண் போகாது. இங்கத்தைய வயரிங் விதிகள் பி.எஸ். 7671, ஊரில் கற்பிப்பதும் அந்த வழியில் வந்ததுதான், அதே 230 வோல்ட், அதே 13 அம்பியர் சதுர முள் பிளக். மெகரில் 500 வோல்ட் போட்டு ஒரு மெகாஓம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு எந்த நாட்டிலும் அது அதே வேலை.

நிந்தவூர் வயரிங்

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஊரிலேயே இருக்கப் போகிறவனுக்கும் கடதாசி தேவைப்படுகிற காலம் வந்துவிட்டது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னியலாளருக்கு உரிமம் என்று தொடங்கியபோது என்.வி.கியூ.வைத்தான் அடிப்படையாக எடுத்தது. கொந்தராத்துக்காரர்களும் இப்போது முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம், எங்கள் கரையோரத்து மணல் பற்றி தம்பி எங்கே படித்தாலும் கேட்கட்டும். கல்லடியில் இருந்து திருக்கோவில் வரை மணல், கோடையில் காய்ந்துவிட்டால் ஏர்த் கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. மாரியில் அளந்தால் நன்றாகக் காட்டும், ஆடி ஆவணியில் அளந்தால் வேறு கதை. நான் இப்போது கம்பியை ஆழமாக இறக்கி, கோடையில் ஒரு தடவை திரும்பப் போய் அளக்கிறேன். அந்த ஏணியில் இருந்து விழுந்தவர் வீட்டுக்கும் வருடா வருடம் போகிறேன், அவர் வேண்டாம் என்றாலும்.

படுவான்கரை அக்கா

எல்லோருடைய பதிலையும் நேற்று இரவு வீட்டில் இருந்து வாசித்தோம். அப்பாவும் முழுக்கக் கேட்டார். காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை நானும் தம்பியும் மஞ்சந்தொடுவாய்க்குப் போகிறோம், ஓ.எல். தாளும் அடையாள அட்டையும் எடுத்து வைத்தாயிற்று. அங்கே அடுத்த வகுப்புத் தொடங்க நாள் இருந்தால், வீ.டி.ஏ.யில் எப்போது எடுக்கிறார்கள் என்று அன்றைக்கே கேட்டுவிட்டு வருவோம். சனி, ஞாயிறு வேலைக்குப் போவதாகத் தம்பியே சொல்லிவிட்டான், அந்த அண்ணனும் சரி என்றுவிட்டார். இன்று காலை வேலைக்குப் போனவன் மத்தியானம் போன் எடுத்தான், வீட்டுக்காரரிடம் மெயினை நிறுத்தக் கேட்டானாம், அவர் முணுமுணுத்தாலும் நிறுத்தினாராம்.

சேர், மீட்டர் ஒன்று வாங்க வேண்டும் என்கிறான். முதலில் வாங்குவதற்கு எப்படியானது நல்லது?

ஓய்வுபெற்ற போதனாசிரியர், மட்டக்களப்பு

மகள், 600 வோல்டுக்குப் பாதுகாப்பு மட்டம் மூன்று, அதாவது CAT III 600V என்று முகப்பில் அச்சடித்த டிஜிட்டல் மல்டிமீட்டர், உள்ளே பியூஸ் உள்ளதாக. தெருவோரத்தில் விற்கிற மலிவானது வேண்டாம். வாங்கும்போது முள்ளின் வயர் தடிப்பாக இருக்கிறதா என்று அவனையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னால் ஒரு தடவை, கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கட்டும், பிறகு நிறுத்திய வயரில் வைக்கட்டும், பிறகு திரும்பவும் அந்தப் பிளக்கில். மூன்று தடவை, ஒவ்வொரு நாளும்.